பேஜ்மேக்கர் பாடத்தை மாற்றுங்கள்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் +1, +2 பிள்ளைகளுக்குக் கணினிப் பாடம் நடத்தும் பயிற்றுநர். அடுத்த முறை கணினிப் பயன்பாடுகள் பாடநூலைத் திருத்த உட்காரும்போது பக்க வடிவமைப்புக்கான பேஜ்மேக்கர் பாடத்தை அடியோடு மாற்றித் தாருங்கள் என்று கேட்கவே இம்மடல்.

முதலில் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கட்டற்ற மென்பொருளைப் பாடநூலுக்குள் கொண்டுவந்தவர்கள் நீங்கள்தான். எட்டாம் வகுப்பு அறிவியல் நூலில் லிப்ரே ஆபிஸ் கால்க் வந்தது, ஒன்பதாம் வகுப்பில் இம்ப்ரெஸ், பத்தில் ஸ்கிராட்ச், +1-இல் ஓப்பன் ஆபிஸ், +2 கணினி அறிவியலில் பைத்தான். இவை எதற்கும் உரிமக் கட்டணம் கிடையாது. பள்ளி ஆய்வகத்தில் பார்த்ததை அன்று மாலையே அண்ணனின் பழைய மடிக்கணினியில் நிறுவிப் பார்க்க ஒரு பிள்ளைக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளை நாள்தோறும் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இது சிறிய விஷயமல்ல.

+2 கணினிப் பயன்பாடுகள் நூலுக்கு வந்ததும் இந்த வழி நின்றுவிடுகிறது. 2019-இல் வந்த அந்த நூலில் பக்க வடிவமைப்புக்கு அடோபி பேஜ்மேக்கரை வைத்தீர்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். அதற்கு முன்பே, 1999-இல், அதே நிறுவனம் அதே வேலைக்கு இன்டிசைன் என்ற புது மென்பொருளைக் கொண்டுவந்துவிட்டது. இப்போது +2 படிக்கும் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே வளர்ச்சி நின்றுபோன மென்பொருள் இது. தயாரித்தவர்களே கைவிட்டுவிட்ட ஒன்றைப் பள்ளி முறையாக எங்கே போய் வாங்கும்? வீட்டில் பழகிப் பார்க்க நினைக்கும் பிள்ளைக்குக் கிடைப்பது யாரோ பூட்டை உடைத்துச் சுற்றுக்கு விட்ட பிரதிதான். அதோடு வைரஸும் வரும். அரசுப் பாடநூலே ஒரு பிள்ளையை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது.

ஆனால் என் பெரிய கவலை காசைப் பற்றியது அல்ல, தமிழைப் பற்றியது. ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் உலகப் பொதுக் குறியாக்கமான யூனிகோடு பேஜ்மேக்கருக்குத் தெரியாது. அதில் தமிழ் அடிக்க வேண்டுமானால் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களுக்குத்தான் போக வேண்டும். பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் திரையில் அம்மா தெரியும். கோப்புக்குள் சேமிக்கப்படுவதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் அதைத் திறந்தால் அந்த ஐந்து குறிகள்தான் நிற்கும். அந்தக் கோப்புக்குள் ‘அம்மா’ என்று தேடினால் கிடைக்காது. அகரவரிசைப்படுத்தினால் ஆங்கில வரிசையில் போய் நிற்கும். யூனிகோடையும் தமிழ் அனைத்து எழுத்துரு குறியாக்கத்தையும் தமிழ்நாடு அரசு தன் தரமாக அறிவித்தது 2010-இல். ஒன்பது ஆண்டு கழித்து வந்த பாடநூல், அந்தத் தரத்தை அறியாத கருவியைக் கற்றுத் தருகிறது.

இதனால் முதலில் அடிபடுவது பார்வையற்ற மாணவர்கள். அவர்களுக்கு திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ என்ற கட்டற்ற திரைவாசிப்பான் இருக்கிறது. அதோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழ் படிக்கும். உச்சரிப்பு கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும், ஆனாலும் ஒரு பக்கத்தைத் தாமாகவே கேட்டுப் படித்துவிட முடியும். பழைய எழுத்துருவில் கோத்த பிடிஎப்பை அதனிடம் கொடுத்தால் எம், கே என்று குறிகளை உளறுகிறது. பாடநூல்களை யார் வேண்டுமானாலும் இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு மிக நல்லது. ஆனால் அவற்றில் தமிழ்வழி நூல் ஒன்றிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். எழுத்து எழுத்தாக வந்தால் மகிழ்ச்சி. குப்பையாக வந்தால் அந்த நூல் கண் தெரியாத பிள்ளைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

“டிடிபி கடையில் பேஜ்மேக்கர்தானே ஓடுகிறது, வேலை கிடைக்க வேண்டாமா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கள் பிள்ளைகள் பலர் பள்ளி முடித்ததும் அச்சகத்துக்கோ ஜெராக்ஸ் கடைக்கோதான் வேலைக்குப் போகிறார்கள். ஆனால் அங்கே சோறு போடுவது மென்பொருளின் பெயர் அல்ல. ஓரம் எவ்வளவு விடுவது, பத்திகளை எப்படிப் பிரிப்பது, எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான மாஸ்டர் பேஜில் எதை வைப்பது, திருமண அழைப்பிதழில் எந்த எழுத்தைப் பெரிதாக்குவது என்று தெரிந்த கைதான். ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் இவை அத்தனையும் பழகலாம். 2017-இல் வந்த 1.5.3 பதிப்பிலிருந்து அது தமிழ் போன்ற எழுத்துகளை யூனிகோடிலேயே சரியாகக் கோக்கிறது. 2024 தொடக்கத்தில் 1.6 நிலையான பதிப்பாகவே வந்துவிட்டது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிய காலம் போய்விட்டது.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். மலையாள நாளிதழான ‘ஜனயுகம்’ 2019-இல் தன் பக்க வடிவமைப்பு முழுவதையும் ஸ்கிரைபஸுக்கு மாற்றியது. படத்துக்கு ஜிம்ப், வரைகலைக்கு இங்க்ஸ்கேப், எழுத்துக்கு யூனிகோடு. தினமும் அச்சுக்குப் போக வேண்டிய பத்திரிகைக்கே இது முடிந்திருக்கிறது. அதற்கான மனிதர்கள் அங்கே இருந்ததற்கு ஒரு பின்னணி உண்டு. 2001-இல் கேரள அரசு பள்ளிகளில் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் என்ற கணினிக் கல்வித் திட்டம் சில ஆண்டுகளிலேயே முழுதாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. 2017-இல் அது கைட் என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணினிச் செய்முறைத் தேர்வை லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தில்தான் எழுதுகிறார்கள். ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்துவிட்டுத்தான் பிள்ளைகளிடம் போனார்கள். நாமும் அந்த வரிசையை மாற்றக் கூடாது. நூலில் பெயரை மாற்றிவிட்டு ஆசிரியரை அம்போவென்று விட்டால், மறுபடியும் பேஜ்மேக்கர்தான் கரும்பலகைக்கு வரும்.

நம்மிடமும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேலானவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் பொதுவுரிமத்தில் விக்கிமூலம் என்ற கட்டற்ற இணைய நூலகத்துக்குக் கொடுத்தது. பட வடிவில் வந்த அந்தப் பக்கங்களை எழுத்துணரி வழியே உரையாக்கி, தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்த்து வருகிறார்கள். முதலிலேயே யூனிகோடில் கிடைத்திருந்தால் அத்தனை பேரின் உழைப்பும் வேறு நூல்களுக்குப் போயிருக்கும். இன்று நாம் பயிற்றுவிக்கும் பிள்ளைதான் நாளை ஓர் அச்சகத்தில் உட்கார்ந்து தமிழ் நூலைக் கோக்கப் போகிறாள். அதனால்தான் இந்த ஒரு பாடத்தை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

நான் கேட்பவை இவை. பக்க வடிவமைப்புப் பாடத்தை ஸ்கிரைபஸில் எழுதுங்கள். செய்முறைப் பயிற்சியில் ஒன்றாவது தமிழில், யூனிகோடில் இருக்கட்டும். பள்ளி ஆண்டு மலரின் நான்கு பக்கத்தைக் கோக்கச் சொன்னால் போதும், பிள்ளைகள் ஆர்வமாகச் செய்வார்கள். நூல் வகுப்புக்கு வரும் முன் கோடை விடுமுறையில் கணினிப் பயிற்றுநர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். தமிழ்வழிப் பாடநூல்களின் பிடிஎப் அனைத்தையும் தேடவும் நகலெடுக்கவும் திரைவாசிப்பானால் படிக்கவும் ஏற்றதாக வெளியிடுங்கள்.

பாடத்தின் முதல் வரைவை எழுதித் தர நான் தயார். ஓய்வு நேரத்தில் ஊதியமின்றிச் செய்து தருகிறேன். என்னைப் போன்ற பயிற்றுநர்கள் இன்னும் பலர் முன்வருவார்கள். கூட்டத்துக்கு அழைப்பு அனுப்புங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளிக் கணினிப் பயிற்றுநர் ஒருவர்