எங்கள் மகளையும் பசுவையும் காப்பாற்றித் தந்தவர்களுக்கு

புசல்லாவைக்கு அருகே எங்கள் தோட்டத்திலும், கம்பளை வைத்தியசாலையிலும், கால்நடை வைத்திய அலுவலகத்திலும் எங்களுக்குத் துணை நின்ற அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் மகள் டெங்குக் காய்ச்சலிலிருந்து எழுந்து மறுபடி பாடசாலைக்குப் போகிறாள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து கைகூப்ப வேண்டும் என்பது என் ஆசை. எல்லோரையும் நேரில் காண வழியில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதல் நன்றி தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாவுக்கு. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது, கை கால் மூட்டெல்லாம் நோகிறது என்று பிள்ளை சொன்னதுமே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வைரஸை ஆரம்ப நாட்களிலேயே காட்டிக்கொடுக்கும் என்.எஸ்.1 பரிசோதனைக்கு அன்றே அனுப்பினார். பக்கத்து லய வரிசை வீட்டார் அன்போடு கொண்டுவந்திருந்த நோவு மாத்திரைகளை வாங்கிப் பார்த்து, ஒவ்வொன்றாக ஒதுக்கி வைத்தார். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், அஸ்பிரின் எதுவும் ஆகாது, டெங்கில் அவை இரத்தப்போக்கைத் தூண்டும், பரசிட்டமோல் மட்டும், அதுவும் உடல் நிறைக்கு ஏற்ற அளவில் என்றார். பட்டப்பகலிலும் அவளை நுளம்பு வலைக்குள் படுக்கச் சொன்னார். டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும். காய்ச்சலில் கிடப்பவளைக் கடித்த நுளம்பு அடுத்த காம்பராவுக்கு நோயைக் கொண்டுபோகும். லயத்தில் எங்களுக்கெல்லாம் சுவர் பொது.

“காய்ச்சல் விட்டால் வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், அன்றுதான் என்னிடம் ஓடி வரவேண்டும்” என்று அவர் சொல்லியிருந்ததால் பிழைத்தோம். உடம்பு குளிர்ந்த காலையில் அவளுக்கு வயிற்று வலியும் வாந்தியும் தொடங்கின. இரத்தப் பரிசோதனையில், இரத்தம் உறைய உதவும் சிறுதட்டுக்கள் ஓர் இலட்சத்துக்குக் கீழே இறங்கியிருந்தன. ஐயாவே 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழைத்தார். எங்கள் லயத்துக்கு வாகனம் ஏறாது. படிக்கட்டு நெடுக அவளைக் கதிரையில் இருத்தித் தூக்கிச் சென்ற தம்பிமார் அன்று வேலைக்குப் போகவில்லை. போகாத நாளுக்குப் பெயர் விழாது, சம்பளம் இல்லை என்பது தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடனை நான் எப்படித் தீர்ப்பேன்?

வார்டில் எனக்கு முதலில் விளங்கவைத்தது, டெங்கு வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது என்பதை. மருந்தில்லாத நோய்க்கு அவர்கள் எவ்வளவு வேலை செய்தார்கள்! காய்ச்சல் இறங்கும் வேளையில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசியத் தொடங்கும், அது ஏறத்தாழ 48 மணித்தியாலம் வரை நீடிக்கும் என்று வைத்தியர் பொறுமையாகச் சொன்னார். ஸ்கேன் செய்தபோது நெஞ்சறையிலும் வயிற்றிலும் நீர் தெரிந்தது. அதன்பின் மணிக்கு மணி நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், கைநகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப எடுக்கும் நேரம், கழித்த சிறுநீரின் அளவு எல்லாம் ஒரு தாளில் ஏறின. மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் இடைவெளி 20க்குச் சுருங்கினால் ஆபத்து என்று தெரிந்துகொண்ட பிறகு, அந்தத் தாளிலிருந்து என் கண் நகரவில்லை. நீர் குறைந்தால் இரத்த ஓட்டம் தளரும் அதிர்ச்சி நிலை. கூடினாலோ, கசிவு நின்று வெளியே போன நீர் குழாய்க்குத் திரும்பும்போது நுரையீரலில் தேங்கி மூச்சை அடைக்கும். ஆகவே அவள் குடித்த ஒவ்வொரு மிடறு ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைக் கரைசலும் கஞ்சியும் சேலைனோடு சேர்த்துக் கணக்கிடப்பட்டது. உறவினர் பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்தபோதும் தாதி அவர்கள் மனம் நோகாமல் காரணம் சொல்லித் திருப்பினார்.

இரவுக் கடமையில் இருந்த சிங்களத் தாதியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எனக்குச் சிங்களம் கொஞ்சம், அவருக்குத் தமிழ் கொஞ்சம். ஒவ்வொரு முறை அளந்ததும் தாளை என் பக்கம் திருப்பி இலக்கத்தைக் காட்டி, என் தோளைத் தொட்டுவிட்டே அடுத்த கட்டிலுக்குப் போனார். நாடெங்கும் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு சந்தேகத்தோடு பதிவான 2017இல் பக்கத்துத் தோட்டம் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தது. குளிர் மலைக்கு டெங்கு வராது என்று அதுவரை நம்பிய ஊர் எங்களுடையது. அந்த நினைவோடு விழித்திருந்த தாய்க்கு அந்தக் கை எவ்வளவு பெரிய ஆறுதல்!

இதே நாட்களில் வீட்டில் பசு படுத்துவிட்டது. கடும் காய்ச்சல், கால்கள் விறைப்பு, வாயில் எச்சில், பால் வற்றிப்போயிற்று. பிள்ளையின் நோய்தான் மாட்டுக்கும் வந்துவிட்டது என்று லயமே பயந்தது. கால்நடை வைத்தியர் அம்மா மழையில் நடந்தே ஏறி வந்தார். தோல் கழலை நோயாக இருக்குமோ என்று உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டு, இது மாடுகளுக்கு வரும் மூன்று நாள் காய்ச்சல் என்றார். இதுவும் வைரஸ்தான், நுளம்பும், கடிக்கும் மிகச் சிறு ஈக்களும் பரப்புவது. ஆனால் டெங்கு மாட்டைப் பிடிக்காது, இது மனிதரைப் பிடிக்காது என்று கூடியிருந்த எல்லோருக்கும் விளக்கினார். மூங்கில் குழாயில் கஷாயம் புகட்டத் தயாராக நின்ற பெரியவரைத் தடுத்ததும் அவர்தான். இந்தக் காய்ச்சலில் மாட்டுக்கு விழுங்கும் சக்தி தளர்ந்துவிடும், ஊற்றுவது நுரையீரலுக்குள் போய்விடும். நோவுக்கும் வீக்கத்துக்கும் ஊசி போட்டார், கல்சியம் ஏற்றினார். மகளுக்குக் கூடாது என்று விலக்கிய மருந்து வகையே பசுவுக்கு உதவியது. அதனால் இந்த மருந்தை வீட்டில் யாரும் தொடக்கூடாது என்று கையோடு எச்சரித்தும் போனார். நாங்கள் வைத்தியசாலையில் இருந்தபோது, பசுவை நிழலில் வைத்து, ஒரே பக்கம் கிடக்காமல் புரட்டிப் போட்டு, வாயருகே தண்ணீர் வைத்த அண்டை வீட்டு அக்காவுக்கும் மாமாவுக்கும் என் வணக்கம். அது எழுந்து நின்ற செய்தியைத் தொலைபேசியில் கேட்டு மகள் சிரித்தாள்.

பொது சுகாதாரப் பரிசோதகர் ஐயாவுக்கும் நன்றி. தகரம் காற்றில் பறக்காமல் இருக்க நாங்கள் கூரையில் போட்டிருந்த பழைய டயர்களில் நுளம்புப் புழுக்கள் நெளிவதைக் காட்டினார். திட்டவில்லை. டயருக்குப் பதிலாக மண் மூட்டை வைக்கச் சொல்லி, இளைஞர்களோடு தாமே கூரையேறினார். தண்ணீர்ப் பீப்பாயை ஊற்றிக் கவிழ்த்தால் போதாது, முட்டைகள் உள் சுவரில் ஒட்டிக் காய்ந்தும் பல மாதம் உயிரோடு கிடக்கும், தேய்த்துக் கழுவவேண்டும் என்று செய்து காட்டினார். இப்போது மாதர் சங்கத்துப் பெண்கள் ஞாயிறுதோறும் லயம் லயமாகப் போய்ப் பீப்பாய்களைத் தேய்க்கிறார்கள். வரும் ஞாயிறு என் முறை. மகளும் தூரிகையோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
ஒரு தாய்,
தோட்டத்து முன்பள்ளி ஆசிரியை