கரோலின் அம்மாவுக்கு: ஐந்து பிள்ளைகள், நான்கு மாநிலங்கள்

அன்புள்ள கரோலின் அம்மா,

உங்கள் இரண்டாவது மகள் லாரா, ‘லிட்டில் ஹவுஸ்’ நாவல்களை எழுதிய லாரா இங்கல்ஸ் வைல்டர், தன் முதல் நாவலை வெளியிட்டது 1932இல். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1924 ஏப்ரல் 20 அன்று, நீங்கள் தெற்கு டகோட்டாவின் டி ஸ்மெட் ஊரில் கண்ணை மூடிவிட்டீர்கள். உங்கள் கூண்டு வண்டியையும் உங்கள் கணவர் சார்லஸ் இங்கல்ஸின் பிடிலையும் உலகம் பூராவும் குழந்தைகள் தெரிந்துவைத்திருக்கிறார்கள் என்ற செய்தி உங்களை எட்டவே இல்லை. நானும் சின்ன வயதில் அந்தக் கதைகள் வழியாகத்தான் உங்களை அறிந்தேன். வளர்ந்த பிறகு, உங்கள் குடும்பம் எங்கிருந்து எங்கே போனது, எதற்காகப் போனது என்று வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு பின்தொடர ஆரம்பித்தேன். தேடத் தேட, இதையெல்லாம் உங்களிடம் அல்லவா கேட்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நிலத்துக்கு மனுப் போட்டவர் சார்லஸ், பட்டா வாங்கியவரும் சார்லஸ். அந்தக் காகிதங்களில் உங்களைத் தேடுவது சிரமம். ஆனால் 1850இலிருந்து அமெரிக்கக் குடிக்கணக்கில் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயரையும், அவர் பிறந்த மாநிலத்தையும் எழுதினார்கள். (1850, 1860 கணக்குகளில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த மக்களை மட்டும் தனி ஏட்டில், பெயர்கூட இல்லாமல் எண்ணினார்கள்.) மேற்கே போன குடியானவக் குடும்பத்தின் தடம் பிடிக்க இந்த ஒரு கட்டம் போதும். பிள்ளைகள் பிறந்த மாநிலங்களை மேலிருந்து கீழே வாசித்தால் வண்டி போன வழி தெரிந்துவிடும்.

உங்கள் வீட்டை அப்படி வாசிக்கிறேன். மேரி, 1865, விஸ்கான்சின். லாரா, 1867, விஸ்கான்சின். கேரி, 1870, கான்சாஸ். ஃப்ரெடி, 1875, மினசோட்டா. கிரேஸ், 1877, அயோவா. உங்கள் பயணத்தைப் பத்திரங்களைவிட உங்கள் பேறுகாலங்கள்தான் சரியாகக் குறித்துவைத்திருக்கின்றன.

உங்களுக்கு ஆறு வயது நிறைவதற்கு முன்பே அப்பா மிச்சிகன் ஏரியில் கப்பலோடு மூழ்கிப்போனார். கைம்பெண்ணாக நின்ற உங்கள் அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விஸ்கான்சினின் கான்கார்டில் காட்டு நிலத்துக்குப் போனார். நியூயார்க்கில் பிறந்து இல்லினாய் வழியாக வந்த சார்லஸின் குடும்பமும் அதே பக்கத்தில் குடியேறியது. அப்புறம் நடந்தது எங்கள் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும். பெண் கொடுத்துப் பெண் எடுத்தீர்கள். உங்கள் அண்ணன் ஹென்றிக்குச் சார்லஸின் சகோதரி பாலி. உங்களுக்குச் சார்லஸ், 1860 பிப்ரவரி 1 அன்று கல்யாணம். உங்கள் தங்கை எலைசாவுக்குச் சார்லஸின் அண்ணன் பீட்டர். ஒரே இரு வீடுகளுக்குள் மூன்று சம்பந்தம்! 1863இல் விஸ்கான்சினின் பெப்பின் ஊருக்கு அருகே 160 ஏக்கரை 335 டாலருக்கு வாங்கியதும் சார்லஸும் ஹென்றியும் சேர்ந்துதான். தனியாக ஒரு மனிதன் வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போனான் என்பது கதைக்கு நன்றாக இருக்கும். நான் பார்த்தவரையில் அண்ணனும் தங்கையும் நாத்தனாரும் முன்னும் பின்னுமாக இருந்ததால்தான் உங்களால் போக முடிந்தது.

1868இல் பெப்பின் நிலத்தைத் தவணைக்கு விற்றுவிட்டு, மூன்று வயது மேரியையும் ஒன்றரை வயது லாராவையும் வைத்துக்கொண்டு கிளம்பினீர்கள். முதலில் மிசூரி. அடுத்த ஆண்டு கான்சாஸ்.

கான்சாஸில் நான் நீண்ட நேரம் நின்றுவிட்டேன், அம்மா. லாராவுக்கு அந்த இடம் சரியாகத் தெரியவில்லை. இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? இண்டிபென்டன்ஸ் ஊரிலிருந்து 40 மைல் என்று நாவலில் எழுதினார். உண்மையில் சுமார் 13 மைல். உங்கள் குடும்ப வேதாகமத்தில் கேரியின் பிறப்பைக் குறித்த வரியில் மான்ட்கோமரி கவுண்டி, கான்சாஸ் என்று இருந்தது. அந்த வரியும் 1870 குடிக்கணக்கும்தான் பிற்காலத்தில் தேடியவர்களைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அங்கே கையால் தோண்டிய கிணறு ஒன்றும் இருந்தது.

அந்தக் குடிக்கணக்கில் நில மதிப்பு எழுதும் கட்டம் வெறுமையாக இருக்கிறது. உங்களுக்கு மட்டும் இல்லை, அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும். நிலம் ஓசேஜ் என்ற பூர்வகுடி மக்களுடையது, குடியேறியவர்களுக்கு அதில் உரிமை கிடையாது என்று கணக்கெடுத்தவரே எழுதிவைத்தார். நீங்கள் வீடு கட்டியது ஆளில்லாத புறம்போக்கில் இல்லை. சொந்தக்காரர்கள் உயிரோடு, பக்கத்திலேயே இருந்த நிலம் அது. அவர்கள் காட்டெருமை வேட்டைக்குப் போகும் நேரம் பார்த்துக் குடியேறிகள் அவர்களுடைய வயல்களைப் பிடித்துக்கொள்வதாக ஓசேஜ்களுக்கான அரசு ஏஜென்ட் ஐசக் கிப்சன் மேலிடத்துக்கு எழுதினார். 1870 ஜூலை 15 அன்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஓசேஜ்கள் தெற்கே, பூர்வகுடிகளுக்கென ஒதுக்கியிருந்த ‘இந்தியப் பிரதேச’த்துக்கு (இன்றைய ஓக்லஹோமா) போக வேண்டும், அவர்கள் விட்டுப்போகும் கான்சாஸ் நிலத்தை ஏக்கர் 1.25 டாலருக்குக் குடியேறிகளுக்கு விற்க வேண்டும். ஆகஸ்ட் 3 அன்று கேரி பிறந்தாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், நடுவில் 19 நாள்.

லாராவின் கதையில் நீங்கள் அந்த மக்களை வெறுக்கிறவராக வருகிறீர்கள். அதைப் படிக்கும்போது எனக்கு உங்கள்மேல் வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன். காய்ச்சலில் நீங்கள் எல்லோரும் படுத்துக் கிடந்தபோது வந்து பார்த்தவர் ஜார்ஜ் டான் என்ற கறுப்பின மருத்துவர். அதே குடிக்கணக்கில் உங்களுக்கு அக்கம்பக்கத்திலேயே அவர் பெயரும் இருக்கிறது. பயந்த இடத்தில் நிறைமாதமாக இருந்த ஒரு பெண்ணின் மனநிலையை நான் புரிந்துகொள்ளப் பார்க்கிறேன். ஆனால் துரத்தப்பட்ட ஓசேஜ் தாய்மார்களுக்கும் கையில் குழந்தைகள் இருந்தன.

1871இல் அங்கிருந்து கிளம்பிவிட்டீர்கள். சிப்பாய்கள் வந்து வெளியேற்றப்போகிறார்கள் என்பதால் கிளம்பியதாக நாவல் சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டப்படி நிலத்தை நீங்கள் விலைக்கு வாங்கியிருக்கலாம். உங்களைத் திருப்பி அழைத்தது பெப்பின். அங்கே நிலத்தை வாங்கியவரால் பாக்கித் தவணையைக் கட்ட முடியவில்லை, நிலம் உங்களிடமே திரும்பியது. ஆக, மேற்கே போன குடும்பம் வடகிழக்கே திரும்பிப் பழைய வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

அதை மறுபடி விற்றுவிட்டு, 1874இல் மினசோட்டாவின் வால்நட் குரோவ். பிளம் ஓடைக்கரை மேட்டைக் குடைந்த மண்வீட்டில் குடியிருந்தீர்கள். அந்தப் பக்கமும் டகோட்டா என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து பிடுங்கியதுதான். 1862 போருக்குப் பிறகு அவர்களை மாநிலத்தை விட்டே வெளியேற்றியிருந்தார்கள். ரயில் பாதையை ஒட்டிய நிலம் என்பதால் அரசு விலை ஏக்கர் 1.25 இல்லை, இரண்டு மடங்கு, 2.50 டாலர். கோதுமை விளைந்தால் கட்டிவிடலாம் என்று சார்லஸ் நம்பியிருப்பார். எந்தக் குடியானவர்தான் நம்பாமல் இருப்பார்?

கதிர் முற்றும் நேரத்தில் வெட்டுக்கிளி வந்தது. 1873 முதல் 1877 வரை அந்த வட்டாரமே பறிகொடுத்தது. 1875இல் நெப்ராஸ்காவில் ஆல்பர்ட் சைல்ட் என்பவர் தந்திச் செய்திகளை வைத்து ஒரே கூட்டத்தை அளந்தார். சுமார் 198,000 சதுர மைல் என்று வந்தது. தின்றுவிட்டுப் போனால்கூட அந்த ஒரு போகத்தோடு போயிருக்கும். மண்ணுக்குள் முட்டையிட்டுவிட்டுப் போனதால் அடுத்த ஆண்டு விதைப்பும் அப்போதே போய்விட்டது. சார்லஸ் கூலி அறுப்புக்காகக் கிழக்கே நடந்தே போனார். பிள்ளைகளோடு நீங்கள் ஓடைக்கரையில் இருந்தீர்கள்.

நிவாரண மாவு வேண்டும் என்றால், கையில் எதுவுமே இல்லை என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது மாநிலத்தின் விதி. 1875 நவம்பர் 30 அன்று சார்லஸ் கையெழுத்துப் போட்டார். கிடைத்தது இரண்டு அரைப் பீப்பாய் மாவு, மதிப்பு 5.25 டாலர். ஃப்ரெடி பிறந்து அன்றைக்கு இருபத்தொன்பது நாள். பச்சை உடம்புக்காரி வீட்டில் இருக்க, தன்மானமுள்ள ஒரு மனிதர் அந்தக் காகிதத்தை எப்படி வாங்கியிருப்பார், வீட்டுக்கு வந்து உங்களிடம் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப்பார்க்கிறேன். லாராவின் நாவலில் இந்தக் கையெழுத்து இல்லை. 1876 ஜூலையில் நிலத்தை 400 டாலருக்கு விற்றீர்கள். வாங்கியதற்குக் கட்டியதைவிடக் குறைவு.

(அந்த வெட்டுக்கிளி இனம் இன்று உலகத்திலேயே இல்லை. கடைசியாக உயிரோடு கிடைத்தது 1902இல், கனடாவில். சார்லஸ் இறந்ததும் அதே ஆண்டு ஜூனில். மலைப் பள்ளத்தாக்குகளில் அவை முட்டையிட்ட இடங்களைக் குடியேறிகள் உழுதுபோட்டதால் அழிந்தன என்பது ஒரு விளக்கம்.)

இனி எழுதப்போவதை நீங்கள் வாசிக்கவே வேண்டாம் என்றுகூட நினைத்தேன். மினசோட்டாவிலிருந்து அயோவாவுக்கு, மறுபடி கிழக்கே போகும் வழியில், சவுத் டிராயில் எலைசா வீட்டில் தங்கினீர்கள். 1876 ஆகஸ்ட் 27 அன்று ஃப்ரெடி அங்கேயே இறந்துபோனான். பத்து மாதம் நிறையவில்லை. தங்கை வீடாக இருந்தது ஒன்றுதான் ஆறுதல். பீட்டருக்கு அவன் தம்பி மகன், எலைசாவுக்கு அக்கா மகன், இரண்டு வழியிலும் ரத்தம். குழந்தையை அங்கே விட்டுவிட்டு வண்டி ஏறினீர்கள்.

அயோவாவின் பர் ஓக் ஊரில் நண்பர்களுடைய ஹோட்டலில் வேலை. லாராவின் நாவல் வரிசையில் அந்த ஊரும் இல்லை, ஃப்ரெடியும் இல்லை. வேறோரு நினைவுக்குறிப்பில்தான் எழுதினார். அங்கே ஒரு டாக்டர் வீட்டம்மா லாராவைத் தத்துக் கொடுக்கும்படி கேட்டாராம். ஒரு பிள்ளையைப் புதைத்து ஆண்டு திரும்பாத உங்களிடம்! மரியாதையாக மறுத்துவிட்டீர்கள் என்று லாரா எழுதுகிறார். 1877 மே மாதம் கிரேஸ் பிறந்தாள். அப்புறம் வீட்டுக்காரருக்குத் தர வேண்டிய வாடகையைத் தர வழியில்லாமல் இரவோடு இரவாக ஊரைவிட்டு வால்நட் குரோவுக்கே திரும்பினீர்கள். நேர்மை பற்றி அத்தனை கண்டிப்பானவர் நீங்கள். அந்த இரவு உங்களுக்கு எப்படிக் கழிந்தது?

1879இல் மேரிக்குக் காய்ச்சலும் தாங்க முடியாத தலைவலியும். பதினான்கு வயதில் பார்வை போய்விட்டது. அது மூளையைத் தாக்கிய வைரஸ் நோயாக இருக்கலாம் என்று 2013இல் மருத்துவ ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த 1879இலேயே உங்கள் நாத்தனார் டோசியா வழியாகச் சார்லஸுக்கு டகோட்டா ரயில் பாதை வேலை கிடைத்தது. சார்லஸ் முன்னே போனார். நீங்கள் பிள்ளைகளோடு பின்னால் ரயிலேறிப் போனீர்கள். 1880 பிப்ரவரியில் சார்லஸ் டி ஸ்மெட் அருகே 160 ஏக்கருக்கு மனுப் போட்டார். ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஐந்து ஆண்டு குடியிருந்து பயிர்செய்து காட்டினால் நிலம் சொந்தம். அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய பனிப்புயல்கள் ஊரை மூடிவிட்டன. ஜனவரியில் நின்ற ரயில் மே மாதம்தான் வந்தது. வைக்கோலை முறுக்கி எரித்து, காப்பி அரைக்கும் மில்லில் கோதுமையை அரைத்து ரொட்டி சுட்டீர்கள். 1886இல் அந்த நிலம் உறுதியானது.

1880இல் அந்த வீட்டில் இருந்த பிள்ளைகளைக் குடிக்கணக்கு வரிசைப்படி நிறுத்திப் பார்க்கிறேன். விஸ்கான்சின், விஸ்கான்சின், கான்சாஸ், அயோவா. முன்பின் தெரியாதவர் வாசித்தால், கான்சாஸிலிருந்து நேரே அயோவாவுக்குப் போன குடும்பம் என்றுதான் நினைப்பார். மினசோட்டாவில் நீங்கள் இருந்த காலத்துக்கும், வெட்டுக்கிளிக்கும், இரண்டு அரைப் பீப்பாய் மாவுக்கும் சாட்சியாக நின்றிருக்க வேண்டிய பிள்ளை வரிசையில் இல்லை. எத்தனை குடும்பங்களின் பாதையில் இப்படி ஒரு மாநிலம் காணாமல் போயிருக்கும்!

சார்லஸுக்கு இன்னும் மேற்கே போகும் ஆசை விடவில்லை, நீங்கள்தான் போதும் என்று நிறுத்தினீர்கள் என்று லாரா எழுதியதிலிருந்து தெரிகிறது. பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதில் நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. நீங்களும் டீச்சராக இருந்தவர்தானே. 1881 நவம்பரில் மேரி விண்டனில் இருந்த அயோவா பார்வையற்றோர் கல்லூரியில் சேர்ந்தாள், 1889இல் படிப்பை முடித்தாள். வண்டியிலேயே வாழ்ந்திருந்தால் அது நடந்திருக்காது. பட்டா வாங்கிய அந்த நிலத்தையும் 1892இல் விற்றுவிட்டு ஊருக்குள் வீட்டோடு இருந்துவிட்டீர்கள். அந்த நிலத்தில் சார்லஸ் நட்ட காட்டன்வுட் மரங்கள் சில இன்னும் நிற்கின்றன.

நீங்கள் போன அடுத்த ஆண்டு, 1925இல், லாரா மார்த்தா பெரியம்மாவுக்குக் கடிதம் எழுதினார். நீங்களும் அவரும் சிறுமிகளாக இருந்த காலத்துக் கதைகளையும், உங்கள் சமையல் பக்குவங்களையும் எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்டார். என்னிடமும் கேட்க ஒன்று மிச்சம் இருக்கிறது. சவுத் டிராயிலிருந்து கிளம்பிய அன்று வண்டியில் நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள், அம்மா?

அன்புடன்,
உங்கள் வழியைப் பின்தொடர்ந்து வந்த ஒரு வாசகி