வாரம் ஐந்து நிமிட ஸ்டார்ட் பேட்டரியைக் காப்பாற்றாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊர் மாதிரித் தோட்டப்புறப் பட்டணங்களில் பிள்ளைகள் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் ஆசைப்பட்டு வாங்கிய சத்ரியா ஜிடிஐ காரும் மஸ்டா எம்எக்ஸ்-5 காரும் அப்பா வீட்டுக் கராஜில் துணி போர்த்தி நிற்கின்றன. கிளம்பும்போது பிள்ளை சொல்லிவிட்டுப் போவது ஒன்றுதான்: "அப்பா, வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விடுங்க, பேட்டரி வீக் ஆகாது." அப்பாவும் தவறாமல் செய்கிறார். சில மாதங்களில் பேட்டரி படுத்துவிடுகிறது. புதிதாக ஒன்று மாட்டுகிறார்கள், அதுவும் அதே வழியில் போகிறது. பழி பேட்டரி கடைக்காரர் மேல் விழுகிறது. உண்மையில் அந்த ஐந்து நிமிடப் பழக்கத்தில்தான் தவறு இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாவியைக் கழற்றிப் பூட்டிய பிறகும் அலாரம், கடிகாரம், இஞ்சின் கம்ப்யூட்டரின் நினைவகம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை இழுத்தால் பட்டறையில் அதைக் கோளாறு என்று சொல்ல மாட்டார்கள். ஒரு ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரம் ஓடும் மின்சாரம்தான் ஒரு ஆம்பியர்-மணி. அந்த 50 மில்லி ஆம்பியரே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, ஒரு வாரத்துக்கு 8.4 ஆம்பியர்-மணி. ஐந்து நிமிடம் நின்றபடி ஐட்லிங்கில் ஓடும் இஞ்சினில், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் தாராளமாக 20 ஆம்பியர் கொடுக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் திரும்பிப் போவது 1.7 ஆம்பியர்-மணிதான். அதிலும் ஸ்டார்ட் செய்ததற்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். ஆக, வாரத்துக்கு ஆறரை ஆம்பியர்-மணிக்கு மேல் துண்டு விழுகிறது. இங்கே பல கார்களில் இருக்கும் என்எஸ்60 பேட்டரியின் கொள்ளளவு 45 ஆம்பியர்-மணி. நான்கு வாரத்தில் பாதிக்கு மேல் காலி. பேட்டரி தானாகவே இழக்கும் சார்ஜ் இந்தக் கணக்கில் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே வெயில் ஏறும் கராஜில் அந்த இழப்பும் கூடும். வெப்பம் 10 பாகை ஏறினால் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகும்.

சார்ஜ் குறைந்தபடியே கிடக்கும் பேட்டரியில் ஈயத் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகிறது. புதிதாகப் படிந்தது சார்ஜ் ஏற்றினால் கரைந்து போகும். வாரக்கணக்கில் விட்டால் அது கெட்டிப் படிகமாகிவிடும், பிறகு எந்தச் சார்ஜருக்கும் எளிதில் மசியாது. பேட்டரி பழையதாகாமலே கொள்ளளவு சுருங்கிப்போவது இதனால்தான்.

ஐந்து நிமிட ஓட்டம் இஞ்சினுக்கும் கெடுதல். எண்ணெய் சூடேறுவதற்குள் அணைத்துவிடுவதால் எரியாத பெட்ரோலும் நீராவியும் எண்ணெயிலேயே தங்கிவிடும், சைலன்சருக்குள் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும். இதை எல்லாம் விட முக்கியமான ஒன்று உண்டு. கதவு மூடிய கராஜில் இஞ்சினை ஓடவிட்டு அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, ஆளைக் கொல்லும். எந்தக் காரணத்துக்காகவும் மூடிய கராஜில் இஞ்சினை ஓடவிடாதீர்கள்.

இதற்குச் சரியான கருவி, எப்போதும் மாட்டியே வைக்கக்கூடிய ஸ்மார்ட் சார்ஜர். முதலில் 14.4 வோல்ட் வரை ஏற்றி நிரப்பும். நிரம்பியதும் தானாக 13.2 முதல் 13.6 வோல்ட்டுக்கு இறங்கி, குறைவதை மட்டும் ஈடுகட்டிக்கொண்டிருக்கும். பெட்டியில் இந்த இரண்டாம் நிலை இருப்பதாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இந்த வேலைக்கு 1 ஆம்பியர் சார்ஜரே போதும், இறங்கிப்போன பேட்டரியை மீட்கவும் வேண்டுமென்றால் 4 அல்லது 5 ஆம்பியர். ஏஜிஎம் வகை (ஆசிட் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும்) பேட்டரியாக இருந்தால் அதற்கான பட்டனை அழுத்தவேண்டும். அது பெரும்பாலும் 14.7 வோல்ட் வரை போகும். லித்தியம் பேட்டரிக்கு அதற்கென்றே உள்ள சார்ஜர் மட்டும்தான். மூலையில் கிடக்கும் பழைய இரும்புப் பெட்டி சார்ஜரைத் தொடர்ந்து மாட்டி வைக்கவே கூடாது. அது நிரம்பிய பிறகும் ஏற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து வற்றும், ஹைட்ரஜன் வாயு வெளியே வரும். காற்றில் அந்த வாயு 4 விழுக்காடு கலந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும்.

மாட்டுவதற்கு முன், வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். கார் சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால். இரவு முழுக்க ஏற்றி, கழற்றி வைத்த பிறகும் 10.5 வோல்ட்டிலேயே நின்றால் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது. அதற்கு மேல் பாடுபட வேண்டாம், மாற்றிவிடுங்கள். மூடி திறக்கும் வகை பேட்டரியாக இருந்தால் தகடுகள் நீரில் மூழ்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். வெளியே தெரிந்தால் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, சார்ஜ் முடிந்த பிறகு கோடு வரை நிரப்புங்கள். குழாய்த் தண்ணீரோ மினரல் வாட்டரோ வேண்டாம், ஆசிட்டும் ஊற்றக்கூடாது. முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்து, காய்ந்ததும் வாஸ்லின் தடவுங்கள்.

மாட்டும் வரிசை முக்கியம். சிவப்புக் கிளிப்பை முதலில் பிளஸ் முனையில் பிடியுங்கள். கறுப்பை மைனஸ் முனையில் மாட்டாமல், பெயிண்ட் இல்லாத உலோகப் பாகத்தில், பேட்டரிக்குச் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். கடைசியில்தான் சுவர் சுவிட்சைப் போடவேண்டும். கழற்றும்போது சுவிட்ச் முதலில், பிறகு கறுப்பு, பிறகு சிவப்பு. கறுப்பை உலோகத்தில் மாட்டுவதற்கு இரண்டு காரணம் உண்டு. பொறி பறந்தால் பேட்டரி வாயுவுக்குப் பக்கத்தில் பறக்காது. புதிய கார்களில் மைனஸ் முனையில் ஒரு சென்சார் இருக்கும், அதைத் தாண்டி நேராக முனையில் மாட்டினால் ஏற்றிய சார்ஜ் கார் கம்ப்யூட்டரின் கணக்கில் ஏறாது.

கிளிப்பை நாளெல்லாம் நம்பவும் முடியாது, லேசாக இடித்தாலே நழுவும். சார்ஜரோடு வரும் வளையம் வைத்த வயரைப் பேட்டரி முனையில் போல்ட்டோடு சேர்த்து இறுக்குவது நல்லது; சென்சார் உள்ள காரில் கறுப்பு வளையத்தை மட்டும் உலோகப் பாகத்தில் இறுக்குங்கள். அதில் பிளஸ் முனைக்குப் பக்கத்தில் பியூஸ் கட்டாயம் இருக்கவேண்டும்; 5 ஆம்பியர் சார்ஜருக்கு 10 ஆம்பியர் பியூஸ் போதும். எம்எக்ஸ்-5இன் முதல் இரண்டு தலைமுறைகளில் பேட்டரி பின்பக்கச் சாமான் பெட்டிக்குள் இருக்கிறது. அதன் வாயுவை வெளியேற்றும் சின்னக் குழாயைப் பேட்டரி மாற்றும்போது மறந்துவிடுகிறார்கள். அது மாட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் சார்ஜர் போடாதீர்கள். சில போர்ஷே கார்களில் பேட்டரி முன் மூடிக்குள் இருக்கும், அந்த மூடியின் பூட்டும் மின்சாரத்தில்தான் திறக்கும். பேட்டரி செத்தால் மூடி திறக்காது, மூடி திறந்தால்தான் பேட்டரியைத் தொட முடியும். அந்த மாதிரி காருக்கு வளைய வயரை முன்கூட்டியே வெளியே இழுத்து வைப்பது மிக அவசியம்.

மாட்டியாகிவிட்டது என்று மறந்துவிடவும் கூடாது. நம் பக்கம் மாலையானால் இடி மின்னல். மெயின் பாக்ஸில், மின்கசிவு கண்டால் தானே அணையும் கசிவு பிரேக்கர் விழுந்துவிட்டால் கராஜ் சாக்கெட்டில் கரண்ட் இருக்காது, யாருக்கும் தெரியவும் தெரியாது. சில சார்ஜர்கள் கரண்ட் போய்த் திரும்பி வந்தால் தானாகத் தொடங்காமல் பட்டனுக்காகக் காத்து நிற்கும். வாங்கியதும் சுவிட்சை அணைத்துப் போட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர் வாரம் ஒரு முறை கராஜுக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் இஞ்சினை ஸ்டார்ட் செய்ய அல்ல, சார்ஜரின் பச்சை விளக்கைப் பார்க்க. கூடவே வயரையும் ஒரு முறை பார்க்கட்டும், செம்பனைத் தோட்டத்து எலிக்கு வயரின் மேல் தோல் என்றால் உயிர். மூன்று முனை பிளக்கில் 13 ஆம்பியர் பியூஸை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போடுங்கள். சார்ஜரைத் தரையிலோ பேட்டரி மேலோ வைக்காமல், காற்றுப் படும்படி சுவரில் தொங்கவிடுங்கள்.

கராஜில் சாக்கெட் இல்லாத வீடுகளும் உண்டு. பழைய காராக இருந்தால் 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால் மைனஸ் வயரைக் கழற்றி வைத்து, மாதம் ஒரு முறை பேட்டரியை வீட்டுக்குள் தூக்கி வந்து ஏற்றலாம். சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்ற பயம் இன்றைய பிளாஸ்டிக் கூட்டுப் பேட்டரிக்குத் தேவையில்லை. கழற்றும் முன், திரும்ப மாட்டியதும் சில ரேடியோக்கள் கேட்கும் கோட் எண் கையில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பேட்டரியைக் கழற்ற விருப்பமில்லை என்றால், கூரை மேல் 10 வாட் சோலார் பலகை ஒன்றும் சார்ஜ் அளவு மீறாமல் தடுக்கும் ஒரு சின்ன சார்ஜ் கன்ட்ரோலரும் வைத்தால் நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய 2 ஆம்பியர்-மணி கிடைக்கும், அன்றாட இழப்புக்கு அது தாராளம். கன்ட்ரோலர் இல்லாமல் பலகையை நேராகப் பேட்டரியில் மாட்டாதீர்கள்.

சார்ஜர் இல்லாமல் ஒரு வாரம்கூட பேட்டரி தாங்கவில்லையென்றால் ஏதோ ஒன்று கூடுதலாக இழுக்கிறது. பிறகு மாட்டிய டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர், ஆம்பிளிபையர் இவைதான் முதல் சந்தேகம். நின்றபடி பதிவு செய்யும் டேஷ்கேம் 250 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-மணி போய்விடும். மைனஸ் வயரைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து வயருக்கும் முனைக்கும் நடுவில் மாட்டுங்கள். காரைப் பூட்டி முக்கால் மணி நேரம் தூங்கவிட்டு எண்ணைப் பாருங்கள். அந்த நேரத்தில் ஸ்டார்ட் செய்தால் மீட்டரின் பியூஸ் போய்விடும். எண் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் நின்றால் பியூஸ்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள், எது இழுத்ததும் எண் சரிகிறதோ அந்த வழியில் கோளாறு.

செத்த பேட்டரியை வீட்டுக்குப் பின்னால் கால்வாய் ஓரம் போடுவதை இன்னும் பார்க்கிறோம். ஈயமும் ஆசிட்டும் மழைத் தண்ணீரோடு கலந்து போகும். பழைய ஈய பேட்டரி, மலேசியச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி எஸ்டபிள்யூ 102 என்ற எண்ணில் பட்டியலிடப்பட்ட அபாயக் கழிவு. புது பேட்டரி விற்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
வாகன மின்வேலை செய்வோர் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.