@ குறிக்கு ஒரு தமிழ்ப் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

மின்னஞ்சலின் வரலாறு குறித்து ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1971இல் அமெரிக்கக் கணினிப் பொறியாளர் ரே டாம்லின்சன் மின்னஞ்சல் முகவரியில் பயனர் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க @ குறியைத் தேர்ந்தெடுத்ததோடு கட்டுரை முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் குறி அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வணிகர்களின் கணக்கில் இருந்தது. ஸ்பானியர்கள் அதை இன்றும் 'அரோபா' என்கிறார்கள். சுமார் பதினொன்றரை கிலோ கொண்ட பழைய எடையளவின் பெயர் அது. கால் பங்கு என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. இத்தாலியருக்கும் கொரியருக்கும் அது நத்தை, ரஷ்யருக்கு நாய், கிரேக்கருக்கு வாத்துக்குஞ்சு, டச்சுக்காரருக்குக் குரங்கு வால். (நாய் எங்கே தெரிகிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.)

நமக்கோ வெறும் 'அட்'தான். சென்ற மாதம் ஒரு கணினி மையத்தில் என் அம்மாவின் மின்னஞ்சல் முகவரியைச் சொன்னேன். தட்டச்சு செய்த பையன் குறிக்குப் பதிலாக ஏ, டி என்று இரண்டு எழுத்துகளை அடித்துவிட்டான். ஒப்புகைச் சீட்டு வரவே இல்லை. மறுபடி வரிசையில் நின்றோம். 'மூன்று சுழி ண', 'இரண்டு சுழி ன' என்று எழுத்தைச் சுழி எண்ணி அடையாளம் சொல்பவர்கள் நாம். இதையும் 'சுழி ஏ' என்றால் யாருக்கும் குழப்பம் வராது. பள்ளிக் கணினிப் பாடநூல்களில் அந்தப் பெயரையும் சேர்க்கலாம்.

— ஒரு வாசகர், திருச்சி