பழைய கணினி இதழ்களைக் காக்க உதவுங்கள்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் கிராணிமார் (தோட்ட எழுத்தர்கள்), தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் வீடுகளில் கிடந்த கணினி இதழ்களையும் டிஸ்கெட்டுகளையும் (ஃப்ளாப்பி வட்டுகள்) நம் வாசகசாலையில் சேர்த்து வைத்திருக்கிறோம். ஈரமும் வெள்ளிப்பூச்சியும் அரிப்பதற்குள் அவற்றை ஸ்கேன் செய்தாக வேண்டும்.

1975 ஜனவரி 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் அல்டேர் 8800 என்ற கணினி வந்தது. விலை 397 டாலர். நினைவகம் வெறும் 256 பைட். அதே ஆண்டு செப்டம்பரில் 'பைட்' என்ற கணினி இதழ் பிறந்தது. அக்கால இதழ்களில் பேசிக் (BASIC) என்ற கணினி மொழி நிரல்களை வரிவரியாக அச்சிடுவார்கள். வாசகர்தான் தட்டச்சு செய்து ஓட்ட வேண்டும். நிரலுக்கு வேண்டிய எண்களை அடுக்கும் டேட்டா (DATA) வரியில் ஓர் எண் பிசகினாலே போதும், நிரல் படுத்துவிடும். அச்சுப்பிழைக்குத் திருத்தம் பிந்திய இதழில்தான் வரும். அதனால் ஓர் இதழ் தொலைந்தால் முந்தையதும் அரைகுறைதான். விளம்பரப் பக்கங்களையும் கிழிக்காமல் கொடுங்கள். அன்று சில்லுக்கும் நினைவகத்துக்கும் என்ன விலை என்பதை அவைதான் சொல்லும்.

நிரல் பக்கங்களை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), சாம்பல் நிறச் சாயலோடு ஸ்கேன் செய்யப்போகிறோம். வெறும் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மங்கிய டாட் மேட்ரிக்ஸ் (புள்ளிகளால் அச்சாகும்) எழுத்தில் சுழியமும் 'ஓ'வும் ஒன்றாகிவிடும். நனைந்து காய்ந்து ஒட்டிய வழவழப்புத் தாளைப் பிரிக்க முயலாதீர்கள். மை உரிந்து வந்துவிடும். துருப்பிடித்த ஸ்டேப்பிளை நாங்களே கழற்றுவோம். செல்லோடேப் வேண்டவே வேண்டாம்.

மேலிருந்து படமெடுக்கும் ஸ்கேனருக்கு 3,200 ரிங்கிட் ஆகும். இதழின் முதுகை வெட்டாமல் ஸ்கேன் செய்ய இது உதவும். ஈரமகற்றிக்கு 900, ஹார்ட் டிஸ்க் இரண்டுக்கு 800, 5.25 அங்குல டிஸ்கெட் டிரைவுக்கும் அதைக் கணினியோடு இணைக்கும் வாசிப்புப் பலகைக்கும் 700, அமிலமற்ற பெட்டிகளுக்கு 400. ஆக மொத்தம் 6,000 ரிங்கிட். பத்து ரிங்கிட் தந்தாலும் இரசீது உண்டு. வரவு செலவை வாசகசாலைப் பலகையில் மாதந்தோறும் ஒட்டுவோம்.

பணமோ இதழோ, ஞாயிறு காலையில் பொருளாளரிடம் நேரில் கொடுக்கலாம். பழைய டிஸ்கெட் வைத்திருப்போர் தயவுசெய்து டிரைவில் போட்டுப் பார்க்காதீர்கள். பூஞ்சை ஏறியிருந்தால் அது டிரைவின் வாசிக்கும் தலையில் அப்பிக்கொண்டு, அடுத்து போடும் நல்ல டிஸ்கெட்டையும் கீறிவிடும். பாச்சை உருண்டையும் சேர்த்து வைக்காமல், உறையோடு அப்படியே கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
இதழ் காப்புச் செயற்குழு