மேடையில் ஏற்றும் முன் தெருவில் விசாரியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். 31 வருஷம் தபால்காரனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் சபை வருஷந்தோறும் பந்தல் போட்டு நடத்துகிற ஜெபக்கூட்டமான கன்வென்ஷனின் கமிட்டியில் 9 வருஷம் பொருளாளராக இருந்தேன். சபைக்குள் பேசித் தீர்க்க வேண்டிய காரியத்தை எதற்குப் பொதுப் பத்திரிகைக்கு எழுதுகிறீர்கள் என்று என் மகனே கேட்டான். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். ஏன் என்பதைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

எங்கள் பக்கம் கன்வென்ஷன் காலம் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு முதல் ஊர் எல்லை வரை பிளெக்ஸ் வைத்தாயிற்று. "வரம் பெற்ற தேவமனிதர்", "தீர்க்கதரிசன அபிஷேகம் பெற்றவர்", "குணமாக்கும் வரமுடைய ஊழியர்" என்றெல்லாம் அதில் போட்டிருக்கிறது. நான் பொருளாளராக இருந்தபோதும் இப்படித்தான் போட்டோம். வாசகத்தை எழுதி அச்சுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவனே நான்தான்.

2011 மே மாதம் நடந்ததை இத்தனை வருஷம் வெளியே சொல்லவில்லை. அந்த வருஷம் மூன்று நாள் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து ஓர் ஊழியரை, அதாவது பிரசங்கம் பண்ணி ஜெபிக்கிறவரை, அழைத்திருந்தோம். பெயர் வேண்டாம், அவர் இன்றும் கூட்டங்களுக்குப் போகிறார். இரண்டாம் நாள் இரவு அவர் ஜெபித்தபோது பந்தலில் அழாதவர்கள் இல்லை. அந்நிய பாஷையில், அதாவது ஆவியில் நிறைந்து வருகிற புரியாத பாஷையில், பேசினார். பத்து வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பி இரண்டு பேர் அன்றைக்குக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அதை என் கண்ணால் பார்த்தேன், அது பொய் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து இரவு பதினொன்றரைக்கு அவர் தங்கியிருந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனோம். டிபன் கேரியரைத் தூக்கி வந்தவன் பிளஸ் ஒன் படிக்கிற பையன், பனையேறுகிறவர் மகன். இரண்டு நாளும் சம்பளம் இல்லாமல் ஓடியாடி வேலை செய்தவன். ரசம் ஊற்றும்போது அவன் கை நடுங்கி, ஊழியரின் வெள்ளை ஜிப்பாவில் நாலு சொட்டுத் தெறித்துவிட்டது. அவர் எழுந்து புறங்கையால் ஓங்கி அறைந்தார். பையனின் காதில் பட்டது. அறைந்த கையோடு, "இந்த மாதிரி ஆட்களை எல்லாம் ஏன் உள்ளே விடுறீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "இந்த மாதிரி ஆட்கள்" என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊர்ப் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நான் டிபன் கேரியர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்ததும் பையனிடம், "ஐயா களைப்பா இருந்தாங்க, மனசுல வச்சுக்காதப்பா" என்றேன். அவன் காதைப் பொத்திக்கொண்டே சரி என்று தலையாட்டினான். மறுநாள் மாலை அவன் வரவில்லை. அதற்குப் பிறகு கோயிலுக்கும் (எங்கள் பக்கம் சர்ச்சை அப்படித்தான் சொல்வோம்) வரவில்லை.

அடுத்த வருஷம் யாரை அழைப்பது என்று கமிட்டி கூடியபோது எல்லோரும் அந்த ஊழியர் பெயரையே சொன்னார்கள். கூட்டம் வருகிறது, காணிக்கை வருகிறது. நான் வாய் திறந்து நடந்ததைச் சொன்னேன். பெரியவர் ஒருவர் உடனே, "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும் என்று வேதம் சொல்லுதே, தம்பி" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. அந்த ஊழியரே மறுபடியும் வந்தார்.

அந்த வசனம் 105ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து முழுவதையும் படித்தேன். கொஞ்சத் தொகையும் சொற்ப ஜனங்களும் பரதேசிகளுமாய் ஊர் ஊராகத் திரிந்த ஆபிரகாம் குடும்பத்தைப் பற்றிச் சொன்னது அது. பலமில்லாத அவர்களைத் தொடக்கூடாது என்று கர்த்தர் ராஜாக்களைக் கடிந்துகொள்கிறார். அன்றைக்கு அந்த அறையில் பலமில்லாதவன் யார்? அறைந்தவருக்கு அந்த வசனத்தைக் கேடயமாகக் கொடுத்துவிட்டு, அறை வாங்கினவனை வெளியே விட்டோம்.

தவறாக நினைக்க வேண்டாம். வரங்களை நம்பாதவன் இல்லை நான். என் மனைவி விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அந்நிய பாஷையில் ஜெபிக்கிறவள். அந்தச் சத்தத்தில் கண் விழிக்கிறதுதான் 38 வருஷமாக என் வழக்கம். இது வெளிநாட்டிலிருந்து நேற்று வந்த பழக்கமும் கிடையாது. 1860இலேயே திருநெல்வேலிச் சீமையில் இது நடந்திருக்கிறது. மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் ஊழியம் செய்த கிறிஸ்தியான்பேட்டையில் எழுப்புதல் (ஆவிக்குரிய விழிப்பு) உண்டாகி, ஜனங்கள் அந்நிய பாஷை பேசினார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்த அருளப்பன் எந்த மிஷனிடமும் மாதச் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தவர். வரம் இறங்கினபோது அதைத் தாங்க அங்கே ஓர் ஆள் இருந்தார்.

பவுல் அப்போஸ்தலர் நிருபம் எழுதின, கிரேக்க ஊரான கொரிந்தின் சபைக்கும் வரங்களில் குறைவில்லை. "யாதொரு வரத்திலும் குறைவில்லாதவர்களாய்" என்று அவர் முதல் நிருபத்தின் முதல் அதிகாரத்திலேயே ஒத்துக்கொள்கிறார். அதே சபையில்தான் கட்சி கட்டிக்கொண்டார்கள், ஒருவன்மேல் ஒருவன் வழக்குப் போட்டார்கள். கர்த்தருடைய பந்திக்குக் கூடிவந்த இடத்தில் "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்". 12ஆம் அதிகாரம் வரங்களைப் பற்றியது, 14உம் வரங்களைப் பற்றியது, நடுவில் இருக்கிற 13 அன்பைப் பற்றியது. நாம் அந்த 13ஐ மட்டும் பிய்த்து எடுத்துக் கல்யாண வீட்டில் வாசிக்கிறோம். அது மாப்பிள்ளை பெண்ணுக்காக எழுதினதா? மேடையில் பாஷை பேசுகிறவர்களுக்கு எழுதினது. "அன்பு எனக்கிராவிட்டால், சத்தமிடுகிற வெண்கலம்போலவும், ஓசையிடுகிற கைத்தாளம்போலவும் இருப்பேன்." கொரிந்து வெண்கலத்துக்குப் பேர்போன ஊர். கேட்டவர்களுக்குச் சுருக்கென்று தைத்திருக்கும்.

வரம் இருப்பதால் ஆள் சரியாக இருப்பான் என்று வேதத்தில் எங்கும் இல்லை. தாவீதைக் கொல்லத் தேடிப் போன வழியிலேயே சவுல் ராஜா தீர்க்கதரிசனம் சொன்னான். பிசாசுகளைத் துரத்த அதிகாரம் பெற்று அனுப்பப்பட்ட பன்னிரண்டு பேரில் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் ஒருவன். அவன் கையில்தான் பணப்பை இருந்தது, அதில் போடப்பட்டதை அவன் திருடினான் என்று யோவான் எழுதுகிறார். காணிக்கைப் பையைச் சுமந்தவன் என்ற முறையில் அந்த வசனத்தை என்னால் ஒருநாளும் சாதாரணமாகத் தாண்டிப் போக முடிந்ததில்லை.

இரண்டு வாசல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் தபால் கொடுக்கிற பகுதியான என் பீட்டில் ஊழியக்காரர் வீடு ஒன்று இருந்தது. மாதம் பிறந்தால் முப்பது நாற்பது மணியார்டர் வரும். இருபது ரூபாய், ஐம்பது ரூபாய். அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் விதவைகள், வயசாளிகள். மணியார்டர் பாரத்தின் அடியில் அப்போது கூப்பன் ஒன்று இருந்தது, பணத்தோடு சேதி எழுதி அனுப்புவதற்கு. "மகளுக்கு வரன் அமைய ஜெபிக்கவும்", "வீட்டுக்காரருக்குக் குடி நிற்க ஜெபிக்கவும்" என்று நுணுக்கி நுணுக்கி எழுதியிருப்பார்கள். அவர் கையெழுத்துப் போடுவார், பணத்தை எண்ணுவார், கூப்பன்களைப் படிக்காமலே கிழித்துக் கேட் பக்கத்தில் போடுவார். நான் சைக்கிளை நிறுத்திவிட்டு அவற்றைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். மிதிபட விடுவதற்கு மனசு வரவில்லை.

அதே பீட்டில் வயதான உபதேசியார், அதாவது ஊரில் ஜெபமும் போதனையும் நடத்துகிறவர், ஒருவர். அவருக்கு மாதத்துக்கு மூன்றோ நாலோ வரும். திண்ணையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலில் கூப்பனைப் படிப்பார். பழைய நோட்டு ஒன்றில் பெயரையும் விண்ணப்பத்தையும் எழுதுவார். பிறகுதான் பணத்துக்குக் கை நீட்டுவார். பிரசங்கம் பண்ண எழுந்தால் திக்கும், பிள்ளைகள் சிரிக்கும். அவர் ஜெபித்து யாரும் எழுந்து நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவர் செத்தபோது தெருவில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் கடையடைத்தார்கள். பெட்டியைத் தூக்கினவர்களில் இரண்டு பேர் நெற்றியில் திருநீறு பூசியிருந்தவர்கள்.

இங்கேதான் முதலில் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். தீமோத்தேயுவுக்கு எழுதின முதல் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில், சபைக் கண்காணி எப்படிப்பட்டவனாக இருக்க வேண்டும் என்று பவுல் வரிசையாகச் சொல்கிறார். அடிக்கிறவனாயிருக்கக் கூடாது, பண ஆசையில்லாதவனாயிருக்க வேண்டும், தன் சொந்தக் குடும்பத்தை நன்றாய் நடத்துகிறவனாயிருக்க வேண்டும். அற்புதம் செய்கிறவனா, பாஷை பேசுகிறவனா என்று அந்த வரிசையில் ஒரு கேள்விகூட இல்லை. கடைசியில், "புறம்பானவர்களால் நற்சாட்சி பெற்றவனாயும் இருக்கவேண்டும்" என்கிறார். புறம்பானவர்கள் என்றால் சபைக்கு வெளியே இருக்கிறவர்கள், பால்காரர், பலசரக்குக் கடைக்காரர், வீட்டு வேலைக்கு வருகிற அம்மா. அவர்கள் சொல்கிற சாட்சி இல்லாமல் ஒருவரை மேடையில் ஏற்றக்கூடாது என்பது வேதத்தின் கட்டளை. 9 வருஷத்தில் ஒருதடவைகூட எங்கள் கமிட்டி அப்படிப் போய்க் கேட்டதில்லை.

எங்கள் தெரு முனையில் டீக்கடை வைத்திருக்கிறவர் முருக பக்தர், வருஷா வருஷம் திருச்செந்தூருக்கு மாலை போடுகிறவர். போன மாதம் பிளெக்ஸைப் பார்த்துவிட்டு என்னிடம், "வரம் பெற்றவர்னு போட்டிருக்கே அண்ணாச்சி, ஆள் எப்படி?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "சூரபத்மனும் வரம் வாங்குனவன்தானே அண்ணாச்சி. வரம் வாங்குன பொறவுதானே ஆட்டமே ஆரம்பிச்சுது" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. சிறு வயதிலிருந்து சூரசம்ஹாரம் பார்க்கிற மனுஷர், வரத்தைக் கேட்டால் ஆளை விசாரிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. "அநேக அற்புதங்களைச் செய்தோம் அல்லவா" என்று வருகிறவர்களைப் பார்த்து, "நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை" என்று இயேசு சொன்னதைத் தினமும் வாசிக்கிற எங்களுக்கு அது தெரியாமல் போனதை நினைத்து அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஆதிச் சபை இதில் கண்டிப்பாக இருந்திருக்கிறது. திதகே என்று ஒரு பழைய நூல், பன்னிரண்டு அப்போஸ்தலருடைய போதகம் என்பார்கள். தொலைந்துபோனதாக இருந்த இதன் கையெழுத்துப் பிரதி 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் கிடைத்தது. ஊர் ஊராக வருகிற ஊழியர்களைச் சோதிக்கிற விதி அதில் இருக்கிறது. ஒருநாள் தங்கலாம், அவசியமானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த இடம் சேருகிற வரைக்கும் அப்பம் வாங்கிக்கொள்ளலாம், பணம் கேட்டால் கள்ளத் தீர்க்கதரிசி. ஆவியில் பேசுகிறவன் எல்லாம் தீர்க்கதரிசி ஆகிவிட மாட்டான், கர்த்தருடைய நடத்தை அவனிடத்தில் இருக்கிறதா என்று பார் என்கிறது. எங்கள் குருவானவர் வேதபாட வகுப்பில் இதை வாசித்தபோது நான் என் பழைய கணக்கு நோட்டை நினைத்துக்கொண்டேன். கவரில் வைத்தது பத்தாது என்று காரில் ஏறாமல் நின்றவர்களுக்கு ஓடிப்போய்ப் பணம் புரட்டி வந்த வரவு செலவெல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பவுல் சொல்கிற வரங்களில் "ஊழியங்கள்", "ஆளுகைகள்" உண்டு. ரோமர் 12இல் "இரக்கஞ்செய்கிறவன்" உண்டு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி, தாமிரபரணிக் கரையெல்லாம் வெள்ளக்காடானபோது, எங்கள் பெண்கள் ஐக்கியத்துச் சகோதரிகள் கோயில் மண்டபத்தில் மூன்று நாள் விறகடுப்பில் சோறு பொங்கினார்கள். இடுப்பளவு தண்ணீரில் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போனவளை நான் அறிவேன். யார் என்ன சாதி, என்ன சாமி என்று கேட்காமல் பரிமாறினாள். அவள் படத்தைப் போட்டு வரம் பெற்றவள் என்று யாரும் பிளெக்ஸ் வைக்கவில்லை.

இந்த மாதக் கமிட்டிக்கு நான் எழுத்தில் ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். அழைக்கப்போகிற ஊழியரின் ஊருக்குக் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் சொந்தச் செலவில் போக வேண்டும். அவர் வீட்டுக்குப் போக வேண்டாம். அவர் தெருவில் கடை வைத்திருப்பவரிடம், அவர் வீட்டில் வேலை செய்கிறவரிடம், அவர் காரை ஓட்டுகிறவரிடம், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிவிட்டு வர வேண்டும். அவர்களில் ஒருவராவது கிறிஸ்தவர் அல்லாதவராக இருக்க வேண்டும். அவர்கள் சொன்னதைக் கமிட்டியில் வாசித்த பிறகே தேதி குறிக்க வேண்டும். நானே போகத் தயாராக இருக்கிறேன், ஊர் ஊராகப் போய் வாசல் தேடிக் கண்டுபிடிக்கிற வேலையைத்தான் வாழ்நாள் முழுவதும் செய்திருக்கிறேன். இன்னும் முடிவு சொல்லவில்லை. இரண்டு பேர் ஆதரவாகப் பேசியிருக்கிறார்கள், ஒருவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

அந்தப் பையன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வந்தபோது அவன் வீட்டுக்குப் போய், அன்றைக்கு நான் பேசாமல் நின்றதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவன் நாற்காலி எடுத்துப் போட்டு, காப்பி வாங்கிவரச் சொல்லி மகளை அனுப்பினான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இடது காதில் கொஞ்சம் கேள்வி மந்தம் என்று அவன் மனைவி சொன்னாள்.

வேறு சேகரங்களில் (ஒரு குருவானவரின் கீழ் உள்ள சபைகளில்), வேறு சபைகளில் இப்படி விசாரித்து ஊழியர்களை அழைக்கிற வழக்கம் எங்கேயாவது இருந்தால், அதை எப்படி நடத்துகிறார்கள் என்று வாசகர்கள் உங்கள் பத்திரிகை வழியாகவே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் கமிட்டி மறுபடி கூடும்போது வாசித்துக் காட்ட உதவும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால்காரர்,
நாசரேத் வட்டாரம், தூத்துக்குடி மாவட்டம்.
(அந்தப் பையனை முன்னிட்டு என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)