உழாமல் விட்டால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்கட்கு,

உழவைக் குறைத்தால் விளைச்சலும் கூடும், தண்ணீரும் மிஞ்சும் என்று கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தண்ணீர்க் கதை சரி. விளைச்சல் கதையை அப்படியே ஏற்க முடியவில்லை.

2015இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வந்த ஆய்வு, உலகெங்கும் நடந்த 610 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. உழாத நிலங்களில் விளைச்சல் சராசரியாக 5.7 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் மழையை நம்பிய வறண்ட பகுதிகளில், அறுத்த தாளையும் வைக்கோலையும் நிலத்திலேயே விட்டு, பயிரையும் மாற்றி மாற்றிச் செய்தபோது 7.3 சதவீதம் கூடியிருந்தது. ட்ரக்டரை நிறுத்துவது பாதி வேலைதான் என்று இதிலிருந்தே தெரிகிறது.

வவுனியாவில் என் மாமா பெரும்போக நெல்லை வெட்டி முடிந்த கையோடு, மிஞ்சிய ஈரத்தை நம்பிப் பயறு போடுவார். வைக்கோல் பரவிக் கிடக்கிற பக்கத்தில் கையால் விலக்கிப் பார்த்தால், மாசி வெயிலிலும் மண் விரலில் ஒட்டும். வரம்புக்கு அந்தப் பக்கம், வைக்கோலைக் கொளுத்திவிட்டு இரண்டு தரம் உழுத துண்டில் காற்றடித்தால் புழுதிதான்.

நெல்லுக்கும் இதையே சொல்லும்போதுதான் தயக்கம் வருகிறது. தண்ணீர் கட்டி உழுது சேறடிப்பதால் மண்ணின் துவாரங்கள் அடைபட்டுத் தண்ணீர் கீழே இறங்குவது குறைகிறது, களையும் அமுங்குகிறது. மணல் கலந்த வயலில் அதைக் கைவிட்டால் குளத்துத் தண்ணீர் இன்னும் கூடத்தான் செலவாகும். அங்கே மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால், முதல் தண்ணீர் விட்டதிலிருந்து விதைக்கும்வரை வாரக்கணக்கில் இழுத்தடிக்காமல் வேலையை முடிக்க வேண்டும்.

அப்புறம் களை. உழவை விட்டவர் அடுத்ததாகக் களைகொல்லிப் போத்தலைத் தேடுவார். கிளைபோசேட் என்ற களைகொல்லியை 2015இல் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தி, 2022இல் தடையை நீக்கிய நாடு இது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு ஆச்சரியம்தான்.

கொழும்பில் இருந்துகொண்டு முழு நாட்டுக்கும் ஒரே புத்தி சொல்வது நமக்குப் பழகிவிட்டது. கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது பயறு, உளுந்து, கச்சான் போன்ற மேட்டுப்பயிர்களுக்கு ஒரு கணக்கும் நெல்லுக்கு வேறொரு கணக்கும் தரட்டும். வைக்கோலை வயலிலேயே விட்டால் மாடு வைத்திருப்பவர் தீனிக்கு எங்கே போவார் என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06